ஓரமாக ஒரு வழி

நம்பிராஜன் ஒரு முறை துண்டு வாங்கப் போய்த் தொட்டிலோடு வீடு திரும்பினார்.

பாளையங்கோட்டையில் அவர்கள் தெருவில் அந்தக் கதை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. மணிமகுடம் ஸ்டோர்ஸில் துண்டு எந்த மாடியில் இருக்கிறது என்று கேட்க வாய் வராமல் நின்றிருக்கிறார் மனுஷன். நீலச் சேலை கட்டிய விற்பனைப் பெண் ஒருத்தி வந்து, "பேரப்பிள்ளைக்கா சார்?" என்று கேட்டிருக்கிறாள். இல்லை என்று சொன்னால் அடுத்த கேள்வி வரும். அதற்குப் பதில் சொன்னால் அதற்கடுத்தது வரும். தலையை ஆட்டிவிட்டால் ஒரே தடவையில் முடிந்துபோகும். ஆட்டிவிட்டார்.

வீட்டில் கல்யாணமாகாத ஒரே மகள். அவர் மனைவி வேலம்மாள் தொட்டிலைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள், கடைசியில் தன் வயிற்றையே ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். "யாருக்குங்க இது? எனக்கா?" என்றாள். தெருவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

மகள் கோமதி மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கும் அதே வியாதிதான். கணினியில் நிரல் எழுதுவது அவள் தொழில். மூன்று நாடுகளில் இருப்பவர்களுக்கு வீட்டு மாடியறையில் இருந்தபடியே வேலை செய்து கொடுப்பாள். ஆனால் தெருமுனைக் கடையில் ஹேர்பின் கேட்கச் சொன்னால் உள்ளங்கை வேர்த்துவிடும்.

ஆவணியில் அப்பாவுக்கு அறுபது முடிகிறது. மணிவிழா வைக்க வேண்டும் என்று அம்மா பங்குனியிலேயே ஊரெல்லாம் சொல்லி முடித்துவிட்டாள். அந்த நாட்களில் ஒருநாள் அப்பா மாடியேறி வந்தார். கோமதியின் கணினித் திரையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கோமு, ஒங்கம்மாவுக்கு மணிவிழாச் சேலை நானே எடுக்கணும்."

"எடுங்கப்பா. இதுலயே பாப்போமா? ஆயிரம் சேலை இருக்கு."

"அதுக்கு நீயே எடுத்துரலாமே." அவர் குரல் இறங்கியது. "எங்க கல்யாணச் சேலைய எங்க அக்காமாரு எடுத்தாங்க. அதுக்கப்புறம் அவளே எடுத்துக்கிட்டா. நான் ஒண்ணே ஒண்ணு கூட எடுத்துக் குடுத்ததில்ல. அவளும் கேட்டுக் கேட்டு விட்டுட்டா. இந்தத் தடவை நானே கடைக்குப் போயி, கையால தொட்டுப் பாத்து எடுக்கணும்னு இருக்கு."

குடிநீர் வாரியத்தில் மோட்டார் பம்ப் ஓட்டிக்கொண்டு, தாமிரபரணிக் கரையில் ஒரு சின்ன அறையில் தன்னந்தனியாக உத்தியோகத்தை முடித்தவர் அவர். இத்தனை நீளமாக அவர் பேசி கோமதி கேட்டதே இல்லை. அவர் கீழே இறங்கிப் போன பிறகும் அவளால் உட்கார முடியவில்லை. அறைக்குள்ளேயே மேலும் கீழும் நடந்தாள். பெரிய கடைக்குள், யாரும் வந்து கேள்வி கேட்காத வழி ஒன்று ஒவ்வொரு நிமிஷமும் எங்கேயாவது இருக்கத்தானே செய்யும்? அது மாறிக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான். அதைக் கண்டுபிடித்துக் காதோடு காதாகச் சொல்ல ஒன்று இருந்தால்?

அப்படிப் பிறந்ததுதான் ‘ஓரம்’.

கல்லூரியில் கூடப் படித்த ஜெயசிங்கிடம் சொன்னாள். அவன் அவளுக்கு நேர் எதிர். கல்லைக்கூடப் பேசிச் சம்மதிக்க வைத்துவிடுவான். "ஏ பிள்ள, நீ செய்யி, நான் பேசுதேன்" என்று துள்ளிக் குதித்தான். இரண்டே மாதத்தில் மணிமகுடம் ஸ்டோர்ஸின் மேலாளர் தங்கதுரை அண்ணாச்சி முன்னால் கொண்டுபோய் அவளை உட்கார வைத்துவிட்டான்.

"அண்ணாச்சி, ஒங்க கடை வாசல் வரைக்கும் வந்துட்டு எத்தனை பேரு திரும்பிப் போறாங்க தெரியுமா?"

"எதுக்குத் திரும்பிப் போறான்? ஏசி போட்டிருக்கு. சர்பத் குடுக்கோம். வாசல்ல நிக்கிற பொம்மையெல்லாம் கும்பிட்டு வாங்கன்னு சொல்லுது."

"அந்தப் பொம்மையப் பாத்துதான் பாதிப் பேரு போறான். சர்பத் குடுக்கிற ஆளப் பாத்து மீதிப் பேரு போறான்."

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கேலி செய்கிறானா என்று அவருக்குச் சந்தேகம்.

ஜெயசிங் விளக்கினான். "கடைக்குள்ள வர்றவங்க கையில போன் இருக்கும்லா? அது மெலிசா ஒரு அலை விட்டுட்டே இருக்கும். நம்ம லைட்டுக்குப் பக்கத்துல சின்னதா ஒண்ணு மாட்டிருவோம். அது அந்த அலையக் கேட்டு, எங்க எத்தனை பேரு நிக்காங்கன்னு சொல்லிரும். பேரு ஊரு ஒண்ணும் தெரியாது. ஆள் இல்லாத வழி எதுவோ அது வழியா கூச்சக்காரரக் கூட்டிட்டுப் போவோம். வெரல்ல ஒரு மோதிரம் போட்டிருப்பாரு. நெஞ்சு படபடன்னு அடிச்சா மோதிரத்துக்குத் தெரியும். ஒடனே வேற வழிக்குத் திருப்பிருவோம். கடைசியில தனியா நிக்கிற மெஷின்ல அவரே பில்லப் போட்டுட்டுப் போயிருவாரு. வாயே தொறக்க வேண்டாம்."

அண்ணாச்சி யோசித்தார். "எங்க பிள்ளைக கையில போன் கிடையாதே தம்பி. காலைல வந்ததும் வாங்கிப் பெட்டியில பூட்டிருவோம். கடை அடைக்கையிலதான் குடுப்போம். கேள்வி கேக்கிறதே அதுகதான? அதுக நிக்கிற எடம் எப்படித் தெரியும்?"

ஜெயசிங் கோமதியைத் திரும்பிப் பார்த்தான். அப்போது கோமதி, தரையைப் பார்த்துக்கொண்டே, அந்த அறையில் அவள் பேசிய முதல் வாக்கியத்தைச் சொன்னாள்.

"கையில பட்டை கட்டிரலாம். நிக்கிற எடமும் தெரியும். கூச்சக்காரர் பக்கத்துல வந்தா பட்டை நடுங்கும். அவங்க ஓரமா ஒதுங்கிக்கிடலாம்."

அண்ணாச்சி நிமிர்ந்து உட்கார்ந்தார். "நிக்கிற எடம் எல்லாம் தெரியுமா?" என்றார். "யாரு, எங்க, எம்புட்டு நேரம், எல்லாமுமா?"

அந்தக் கேள்வியில் இருந்த ருசியை கோமதி அன்று கவனிக்கவில்லை. வேலை கிடைத்துவிட்ட சந்தோஷம் அவள் காதை அடைத்துவிட்டது.

ஆடித் தள்ளுபடிக்கு முந்தைய வாரம் எல்லாம் தயார். முதல் ஆளாக கோமதியே உள்ளே போனாள். மோதிரத்தைப் போட்டுக்கொண்டு, காதில் சின்ன ஒலிப்பானைச் செருகிக்கொண்டு, கும்பிடுகிற பொம்மைகளுக்கு நடுவே கண்ணை மூடிக்கொண்டு பாய்ந்தாள்.

காதில் அவளே எழுதிய மெல்லிய குரல் சொன்னது: ‘இடது பக்கம். நேராக. இங்கே யாரும் இல்லை.’

உண்மையிலேயே யாரும் இல்லை! அவள் நடக்க நடக்க நீலச் சேலைகள் இரண்டு பக்கமும் விலகிக்கொண்டே போயின. மழைக்காலத்தில் பேருந்து போகும்போது சாலையில் தண்ணீர் பிரியுமே, அந்த மாதிரி. சுங்குடிச் சேலை அடுக்கை அவள் கையால் தொட்டாள். யாரும் கேட்கவில்லை. போர்வைகளுக்கு நடுவே முகம் புதைத்து மோந்து பார்த்தாள். யாரும் கேட்கவில்லை. ஒரு குடையை விரித்தாள், மடக்கினாள், மறுபடி விரித்தாள். இருபத்துநாலு வயதில் முதல் தடவையாக ஒரு கடையில் தொலைந்துபோகிற சுகம். கடைசியில் மெஷினில் பில் போட்டு ஒரு சீப்பை வாங்கிக்கொண்டு மேலே ஓடினாள்.

அவளுக்காக ஒழித்துக் கொடுத்திருந்த பார்சல் அறையில் ஜெயசிங் காத்திருந்தான். "எப்படி?" என்றான். பதிலுக்கு சீப்பைத் தூக்கிக் காட்டினாள். கபடியில் ஜெயித்து வந்தவன் கோப்பையைக் காட்டுகிற மாதிரி. இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அவன் காபி வாங்கக் கீழே போனபோது ஒரு பெண் கதவருகே வந்து நின்றாள். நீலச் சேலை. பத்தொன்பது, இருபது வயது இருக்கும்.

"அக்கா, பட்டு செக்சன் மாரிச்செல்வி. இந்தப் பட்டைய வேற கைக்கு மாத்திக்கிடலாமா? இந்தக் கை சொறியா வருது."

கோமதி எழுந்து பட்டையைக் கழற்றினாள். மணிக்கட்டு சிவந்து தடித்திருந்தது.

"நீங்கதான் இதச் செஞ்சதாக்கா?"

"ம்."

"நடுங்குனா ஓரமாப் போயிரணும்னு மட்டும் சொன்னாங்க. எதுக்குன்னு சொல்லல. யாராச்சும் பெரிய ஆளு வாராங்களா?"

"இல்ல... கூச்சப்படுற ஆளுங்க. கடைக்கு வரவே பயப்படுறவங்க."

"எங்களப் பாத்தா பயம்?" மாரிச்செல்விக்கு நம்ப முடியவில்லை. "நாங்க என்ன செஞ்சோம்?"

"ஒண்ணும் செய்யல. கேள்வி கேப்பீங்கள்லா. யாருக்கு, என்ன விசேஷம், என்ன கலருன்னு."

"கேக்கலன்னா சூப்ரவைசர் ஏசுவாரு. எனக்கு மட்டும் கேக்கணும்னு ஆசையாக்கும்? வந்த புதுசுல ஒருத்தர்கிட்ட கேக்கதுக்குள்ள எனக்கு நாக்கு ஒட்டிக்கிடும்." அவள் சிரித்தாள். கோமதியும் சிரித்துவிட்டாள். இவளைப் பார்த்தா இத்தனை நாள் ஓடினோம் என்று இருந்தது.

மாரிச்செல்வி மணிக்கட்டைச் சொறிந்துகொண்டே, கோபம் எதுவும் இல்லாமல், ஊர்க்கதை சொல்வது போலச் சொன்னாள். "எங்க அய்யா சின்னப்பிள்ளையா இருக்கையில, தெருவுல ஆள் வந்தா செருப்பக் கையில எடுத்துட்டு ஓரமா ஒதுங்கி நிக்கணுமாம். அப்பல்லாம் ஒதுங்குடான்னு யாராச்சும் வாயத் தொறந்து சொல்லணும்லாக்கா? இப்ப அந்த வேலையும் மிச்சம். கையிலயே கட்டிட்டீங்க."

மற்ற கையை நீட்டினாள். கோமதியால் பட்டையைக் கட்ட முடியவில்லை. கொக்கி கையில் வழுக்கிக்கொண்டே இருந்தது. மாரிச்செல்வியே வாங்கி, பல்லால் கடித்து இழுத்துக் கட்டிக்கொண்டு, "வாரேங்க்கா" என்று போய்விட்டாள்.

காபியோடு வந்த ஜெயசிங்கிடம் கோமதி சொன்னாள். "பட்டை வேண்டாம்."

"என்னது?"

"பட்டைய எடுத்துருவோம். வர்றவங்கதான் விலகிப் போகணும். நிக்கிறவங்கள வெலக்கக் கூடாது."

"தள்ளுபடி நாளைக்கழிச்சு! நீங்க போன்லயே பேசிக்கிடுற அந்தக் கூச்சக்காரக் குழுவுல இருந்து அம்புட்டுப் பேரு வாராங்க. ஒங்கப்பா வாராரு. இப்பப் போயி..." அவன் காபியை வைத்தான். "அதுவுமில்லாம, அண்ணாச்சிக்கு ஓரத்தை விட பட்டைதான் பிடிச்சிருக்கு. யாரு எம்புட்டு நேரம் பாத்ரூம்ல இருக்கா, யாரு உக்காந்தான்னு காலைலேருந்து அதத்தான் பாத்துட்டிருக்காரு. பட்டைய எடுன்னு அவர்கிட்ட யாரு சொல்லுவா? நீயா?"

அவளால் முடியாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். ஆனால் தள்ளுபடி நாள் காலையில், கடை திறப்பதற்கு முன்பே, பார்சல் அறையில் உட்கார்ந்து நிரலில் சில வரிகளை அழித்தாள். பட்டைகள் இனி நடுங்காது, யார் எங்கே என்று யாருக்கும் சொல்லாது. வெறும் ரப்பர். வாயால் சொல்ல முடியாததை விரலால் செய்துவிட்ட நிம்மதியில் அவளுக்கு நெஞ்சு நிறைந்து போயிற்று.

ஒன்றை மட்டும் அவள் யோசிக்கவில்லை.

வாசலில் மேளம். கும்பிடு பொம்மைகள் கழுத்தில் மாலை. கடை திறந்ததுமே ஊர் முழுக்க உள்ளே கொட்டியது. திரையில் மாடி மாடியாக விரிந்திருந்த வரைபடத்தில் கூட்டம் நிற்கும் இடமெல்லாம் சிவப்பாகப் பொங்கியது. அதற்கு நடுவே ஓரம் வைத்திருப்பவர்கள் பச்சைப் புள்ளிகள். வெகுநாளாகக் கைப்பேசியில் மட்டும் பேசிக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத குழு அது. துணிந்து வந்துவிட்டார்கள்!

கடைசியாக அப்பாவின் புள்ளி வாசலைத் தாண்டியது. வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, அம்மாவிடம் கண் டாக்டரைப் பார்க்கப் போவதாகப் பொய் சொல்லிவிட்டு வந்திருந்தார். அவர் மோதிரம் அனுப்பிய நாடித்துடிப்பு, திரையின் மூலையில் வெட்டுக்கிளி மாதிரிக் குதித்தது.

"போங்கப்பா, போங்கப்பா" என்று கோமதி திரையைப் பார்த்து முணுமுணுத்தாள்.

புள்ளி படியேறியது. இரண்டாம் மாடி, பட்டுப் பிரிவு. அந்த மாடி ஒரே சிவப்பு. ஓரம் அவரைச் சுவரை ஒட்டிக் கொண்டுபோய், ஒரு தூணைச் சுற்றி, சட்டென்று வலது பக்கம் திருப்பியது. புள்ளி நகர்ந்து ஒரு கறுப்புக் கோட்டின் மேல் போய் நின்றது. அசையவில்லை.

கோமதி படத்தைப் பெரிதாக்கினாள். அங்கே வழி எதுவும் இல்லை. அப்பா சுவருக்குள் நின்றார்.

மற்ற புள்ளிகளைப் பார்த்தாள். முதல் மாடியில் ஒன்று, அதுவும் கறுப்புக் கோட்டின் மேல். பாத்திரப் பிரிவில் இரண்டு, அவையும் அப்படியே. வளையல் பிரிவில் ஒன்று. எல்லாப் பச்சைப் புள்ளிகளும் சுவர்களுக்குள் போய் நின்றுவிட்டன. அப்பாவின் நாடித்துடிப்பு உச்சிக்குப் போனது, கொஞ்ச நேரம் அங்கேயே தத்தளித்தது, பிறகு இறங்கத் தொடங்கியது. இறங்கி இறங்கித் தூங்குகிறவர் துடிப்பு போல ஆகிவிட்டது.

மயங்கி விழுந்துவிட்டாரா?

"ஜெயசிங்!" என்று கத்தினாள். அவன் கீழே எங்கேயோ அண்ணாச்சியோடு இருந்தான். அப்பாவைக் கைப்பேசியில் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. மோதிரம், காது ஒலிப்பான் எதுவும் போடாமல் ஓடினாள்.

படிக்கட்டில் மனிதச் சுவர். அதைத் தோளால் இடித்துக்கொண்டு இறங்கினாள். ஒரு அம்மாவின் பை அவள் காதில் மோதியது. "ஏட்டி, பாத்துப் போ!" என்று யாரோ ஏசினார்கள். நின்று மன்னிப்புக் கேட்கவும் தோன்றவில்லை, வெட்கப்படவும் நேரமில்லை.

பாத்திரப் பிரிவைத் தாண்டும்போதுதான் கண்ணில் பட்டது. கவுண்டருக்கு அந்தப் பக்கம், விற்பனையாட்கள் நிற்கும் ஒடுக்கமான சந்தில், சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட ஒல்லிப் பையன் ஒருவன். விரலில் ஓரத்தின் மோதிரம். எதிரே ஒரு பெரியவர், "இட்லிக் குக்கர்ல பெருசு இருக்கா?" என்று கேட்க, அவன் எட்டி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

கோமதிக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

கவுண்டர்களுக்குப் பின்னால் ஓடுகிற சந்துதான், ஒடுக்கமாக இருந்ததால் வரைபடத்தில் சுவர் மாதிரி ஒரு கறுப்புக் கோடாகத் தெரிந்தது. விற்பனைப் பெண்கள் நாள் முழுக்க நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் இடம். பட்டை வேலை செய்தவரை அங்கே ஆள் இருப்பது ஓரத்துக்குத் தெரிந்தது. இப்போது பட்டை இல்லை, அவர்கள் கையில் போனும் இல்லை. போன் இல்லாதவர் ஓரத்தின் கணக்கில் ஆளே இல்லை. கடையிலேயே கூட்டம் அதிகமான அந்தச் சந்தைப் பார்த்து, கூச்சக்காரர்கள் ஒவ்வொருவர் காதிலும் அவள் எழுதிய குரல் சொல்லியிருக்கிறது: இங்கே யாரும் இல்லை.

‘ஆளே இல்லையா? இப்படியா நான் எழுதி வச்சேன்?’ முகம் தீயாகச் சுட்டது. ஆனால் இப்போது அப்பாவைத் தேட வேண்டும்.

பட்டுப் பிரிவில் கூட்டம் கவுண்டரை மூன்று வரிசையாக அடைத்து நின்றது. எல்லாக் கைகளும் நீண்டிருந்தன. அந்தக் கைகளுக்கு மேலே, கவுண்டருக்கு அந்தப் பக்கம், மாரிச்செல்விக்குப் பக்கத்தில், வெள்ளைச் சட்டையோடு அப்பா நின்றார். கடையின் ஆண் விற்பனையாட்களுக்கும் வெள்ளைச் சட்டைதான்.

நெற்றியெல்லாம் வேர்வை. ஆனால் அது பயந்த வேர்வை இல்லை. ஒரு கையால் சேலையின் நுனியைப் பிடித்து, மறு கையால் உதறி, மேசை முழுக்க விரித்துவிட்டார். இத்தனை வருஷம் பெரிய பெரிய வால்வுகளைத் திருகிய கை அது. பட்டு காற்றில் பறந்து வந்து அழகாக உட்கார்ந்தது.

"யாருக்கும்மா?" என்று அப்பா கேட்டார். கோமதி வாழ்க்கையில் கேட்டறியாத குரல். "மகளுக்கா? நிச்சயத்துக்கா, கல்யாணத்துக்கா?"

"நிச்சயத்துக்குண்ணே."

"அப்ப இவ்வளவு சரிகை வேண்டாம். கல்யாணத்துக்கு வச்சிக்கிடுங்க. இந்த மாந்துளிர்க் கலரு பாருங்க."

கோமதி கவுண்டரின் ஓரத்துத் தட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தாள். "அப்பா! என்னப்பா இது?"

"வா பிள்ள, வா." அவர் கண் மின்னியது. "மொதல்ல வந்து நின்னதும் செத்துட்டேன்னு நெனச்சேன். ஒரு அம்மா, அந்தப் பச்சைய எடுங்கன்னாங்க. இல்லன்னு சொல்லத் தெரியல, எடுத்துட்டேன். அப்புறம் பாத்தா, இந்தப் பக்கம் நின்னா நம்மள யாரும் கேள்வி கேக்கல. நாமதான் கேக்கணும். அவங்கதான் பதில் சொல்லணும்! பாவம், அதுல பாதிப் பேருக்கு என்ன வேணும்னு சொல்லவே வாய் வரல. நான் சும்மா நிக்கேன், மெதுவாச் சொல்லுங்கங்கேன்."

"இந்த சாரு ஒங்க அப்பாவாக்கா?" மாரிச்செல்வி ஒரு கையால் மடித்துக்கொண்டே சிரித்தாள். "புதுசா சேந்தவருன்னு நெனச்சேன். மடிக்கத் தெரியல, விரிக்கிறது சூப்பர். எங்க மூஞ்சிய எவரு பாக்காங்க, எல்லாரு கண்ணும் சேலையிலதான். அதனால யாருக்கும் சந்தேகம் வரல." பிறகு குரலைத் தணித்தாள். "பட்டை காலைலேருந்து நடுங்கவே இல்ல. நீங்களா?"

கோமதி தலையசைத்தாள். மாரிச்செல்வி பட்டையைக் கழற்றிக் கவுண்டருக்கு அடியில் போட்டுவிட்டு, அடுத்த சேலையை விரித்தாள்.

அதே நேரத்தில் கூட்டத்தைப் பிளந்துகொண்டு தங்கதுரை அண்ணாச்சி வந்தார். பின்னால் ஜெயசிங், வெளிறிய முகத்தோடு. "ஏம்மா, ஒம்ம பட்டை ஒண்ணும் வேலை செய்யல! எவ எங்க நிக்கான்னே தெரியல. என்ன ஆச்சு?"

"நான்தான் நிறுத்துனேன்" என்றாள் கோமதி.

"என்ன? கேக்கல!"

மேளம், கூட்டம், பொம்மைகளின் கும்பிடு எல்லாம் சேர்ந்து அவள் குரலைத் தின்றுவிட்டன. அவள் மூச்சை இழுத்தாள். "நான்தான் நிறுத்துனேன் அண்ணாச்சி! இனிமே பட்டை கிடையாது!"

கவுண்டர் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அத்தனை கண்கள். தரை பிளக்கவில்லை.

"அப்போ எங்க பிள்ளைக நிக்கிறது ஒம்ம மெஷினுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. அத வர்றவங்க கண்ணால பாத்துக்கிடட்டும். ஆள் இல்லன்னு இனிமே ஓரம் சொல்லாது. ஆள் இருக்காங்க, இவங்க பேரு இது, நீங்க கேட்டாத்தான் பேசுவாங்கன்னு சொல்லும். கேள்வி கேக்காததுக்கு நீங்களும் இவங்கள ஏசக் கூடாது. அதுக்குச் சம்மதம்னா ஓரம் இருக்கும். இல்லன்னா எடுத்துட்டுப் போயிருதோம்."

ஜெயசிங் வாயைப் பிளந்து அவளையே பார்த்தான். அண்ணாச்சிக்குக் கோபம் ஏறியது, மீசை துடித்தது. அதற்குள் ஒரு அம்மா அவர் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். "தள்ளி நில்லுங்கய்யா, இந்த அண்ணன் காட்டட்டும். ஒங்க கடையில இப்படிப் பொறுமையா ஒரு ஆளு காட்டி இன்னைக்குத்தான் பாக்கோம்."

அண்ணாச்சி அந்த வெள்ளைச் சட்டையை அப்போதுதான் பார்த்தார். "இவரு யாரு? பாத்திர செக்சன்லயும் ஒரு புது ஆளு நிக்கான். வளையல்ல ஒரு பிள்ள நிக்கி. நீயா வே ஆள் சேத்த?" என்று ஜெயசிங்கைக் கேட்டார். பிறகு மேசையில் குவிந்திருந்த பில்களைப் பார்த்தார். "சரி, பொறவு பேசுவோம்" என்று சொல்லிக்கொண்டே படியிறங்கினார். கோபம் இருந்தது, ஆனால் கணக்கும் இருந்தது.

"சேலை எடுத்தீங்களாப்பா?" என்று கோமதி கேட்டாள். "அம்மாவுக்கு?"

அப்பா கவுண்டருக்கு அடியிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டினார். வாடாமல்லி நிறம். ஒல்லியாக ஒரு இலைப்பச்சைக் கரை. "வந்ததும் இதத்தான் தொட்டேன். ஒளிச்சு வச்சிருக்கேன். ஆனா கோமு, அவளுக்குப் பிடிக்குமான்னு எப்படித் தெரியும்? அவ அரக்குதான் கட்டுவா. இத்தனை வருசம் கூட இருந்தும் எனக்கு ஒண்ணும் தெரியலயே." கரையை விரலால் தடவிப் பார்த்தார். "வேண்டாம். அவளே எடுத்துக்கிடட்டும்."

திரும்ப வைக்கப் போனார்.

"தம்பி! இங்கிட்டுப் பாருங்க! அரக்குல மயில்கழுத்துக் கரை போட்டது இருந்தாக் காட்டுங்க!"

அந்தக் குரலைக் கேட்டு கோமதி கவுண்டருக்கு அடியில் உட்கார்ந்துவிட்டாள். தள்ளுபடி என்றால் அம்மா வராமல் இருப்பாளா? பக்கத்து வீட்டு அத்தையை இழுத்துக்கொண்டு, இரண்டு பேரை இடித்துத் தள்ளி, முன்வரிசைக்கு வந்துவிட்டாள். கண் மேசையில் குவிந்த பட்டின் மேல்.

அப்பா கல்லாக நின்றார். கோமதி கீழேயிருந்து அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். "கேளுங்கப்பா" என்று கிசுகிசுத்தாள்.

அவர் தொண்டையைச் செருமினார். இன்று காலையில் கண்டுபிடித்த குரல் வந்தது.

"யாருக்கும்மா?"

"எனக்குத்தான்." அம்மா தலை தூக்காமல் ஒரு அடுக்கைப் புரட்டினாள். "எங்க வீட்டுக்காரருக்கு அறுவதாம் கல்யாணம். அவருகிட்ட சொன்னா தொட்டில் வாங்கிட்டு வருவாரு. சேலையாவது, எடுத்துத் தாரதாவது! நானே எடுத்துக்கிட்டாத்தான் உண்டு. அவருக்கு நான் என்ன கட்டுனாலும் ஒண்ணுதான்."

பக்கத்து வீட்டு அத்தை சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை.

அப்பா வாடாமல்லிச் சேலையின் நுனியைப் பிடித்தார். உதறினார். அது எழுந்து விரிந்து, அம்மா புரட்டிக்கொண்டிருந்த அடுக்கின் மேலேயே வந்து படிந்தது.

"நான் கேட்டது இது இல்லையே தம்பி" என்று தள்ளப்போன அம்மாவின் கை அப்படியே நின்றது. உள்ளங்கையால் ஒரு தடவை தடவினாள். முந்தியை இழுத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். தோளில் வைத்துப் பார்த்தாள். "ஏன்க்கா," என்றாள் அத்தையிடம், "இந்தக் கலரு எனக்குத் தோணவே இல்ல பாத்தியா."

பக்கத்தில் நின்ற ஒரு பெண் மறுநுனியைப் பிடித்து இழுத்தாள். "அண்ணே, இத எனக்குப் போடுங்க. நான்தான் மொதல்ல வந்தேன்."

"விடும்மா, எனக்குக் காட்டுனது!"

"அண்ணே, நீங்களே சொல்லுங்க, யாருக்கு இது?"

இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் தலை தூக்கினார்கள். அம்மா முதலில் வெள்ளைச் சட்டையைப் பார்த்தாள். பிறகு முகத்தை. அவள் வாய் திறந்தது, மூடியது. ஒரு வார்த்தை வரவில்லை. அவர்கள் வீட்டில் அது நடந்ததே கிடையாது.

கூட்டம் முழுக்கப் பதிலுக்குக் காத்திருந்தது.

"இவளுக்கு" என்றார் நம்பிராஜன். மூன்று வரிசைக்கும் கேட்டது. "இவ என் வீட்டுக்காரி. காலைலயே இவளுக்குன்னு எடுத்து வச்சிட்டேன்."

மறுநுனி தானாக விடுபட்டது. அம்மா சேலையை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்.

"அதெல்லாம் சரி," என்றாள், "இதுக்குத் தோதா ஜாக்கெட் துணி எங்க?"

"இரு," என்றார் அப்பா. பக்கம் திரும்பினார். "மாரிச்செல்வி, ஜாக்கெட் துணி எந்தப் பக்கம்மா?"